கடைசிப் பத்தி

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அன்றைய பேப்பரில் வந்திருந்த தன் செய்தியின் பத்திகளை அவள் மறுபடியும் எண்ணினாள்.

ஆறு.

எழுதிக் கொடுத்தது ஏழு.

வேலையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வேதியியல் முதுகலை. அடையாள அட்டையில் ‘அறிவியல் நிருபர்’ என்று போட்டுக் கொடுத்திருந்தார்கள். பெயரோடு வந்த முதல் செய்தி இது.

செம்மாங்குளத்து ஆழ்துளைக் கிணற்றைப் பற்றியது. சிலருக்கு உள்ளங்கையில் கறுப்புப் புள்ளிகள் வந்ததும் ஊர் மோட்டாரை நிறுத்திவிட்டது. ஆய்வு முடிவு பேப்பரில் வரட்டும் என்று, லாரித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு பத்து நாளாகக் காத்திருந்தது.

கல்லூரியில் ஆய்வறிக்கை எழுதிப் பழகிய கை. அதே வரிசையில்தான் எழுதினாள். நிறம் இல்லை. வாடை இல்லை. உப்பு அளவோடு இருக்கிறது. கிருமி இல்லை.

முடிவு, முறைப்படி, கடைசியில். ஆர்சனிக் என்கிற நஞ்சு அனுமதித்த அளவைப் போல ஐந்து மடங்கு. காய்ச்சினாலும் போகாது. குடிக்கக் கூடாது.

அந்தப் பத்தி இருக்க வேண்டிய இடத்தில் வீட்டுமனை விளம்பரம். ஒரு குடும்பம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

தலைப்பு அவள் வைத்ததில்லை. ‘செம்மாங்குளம் தண்ணீரில் கிருமி இல்லை: ஆய்வில் தகவல்.’

பொய் ஒன்றும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அந்தப் பக்கத்தை அமைத்த உதவி ஆசிரியர் கோமதிநாயகத்தை போனில் எழுப்பினாள்.

“விளம்பரம் வந்துச்சும்மா, இடம் பத்தல. கீழேருந்து வெட்டினேன். எப்பவும் அப்படித்தான். முக்கியமானத முதல்லயே சொல்லிரணும்னு தெரியாதா?”

தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

உடனே ஊருக்கு போன் போட்டாள்.

செம்மாங்குளம் வார்டு உறுப்பினர் பூங்கோதை மூன்றாவது தடவைதான் எடுத்தார். பின்னால் குடங்கள் மோதிக்கொள்ளும் சத்தம்.

“நல்லா இருப்ப தாயி. பேப்பரப் பாத்ததும் மோட்டாரப் போட்டுட்டோம். பள்ளிக்கூடத் தொட்டிக்கும் ஏத்தியாச்சு.”

“குடிக்காதீங்கம்மா. அந்தத் தண்ணியில விஷம் இருக்கு. பேப்பர்ல கடைசிப் பத்தி விட்டுப்போச்சு. நிறுத்தச் சொல்லுங்க, இப்பவே.”

பூங்கோதை தள்ளி வந்திருக்க வேண்டும், குடங்களின் சத்தம் குறைந்தது.

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதில் அத்தனை கரிசனம்.

“தண்ணி லாரிக்காரன் மிரட்டுறானா தாயி? பத்து நாளா எங்ககிட்ட காசு பாத்தவன், வயித்தெரிச்சல் இருக்கத்தான் செய்யும். நீ பயப்படாத. உண்மைய எழுதிட்டல்ல, அது போதும்.

நாங்க இருக்கோம்.”