சேற்றுக்குள் பனியன் துண்டுகள்

புழக்கடையில் தண்ணீர் தேங்கும் மூலையைத் தோண்டுகிறேன். சரளையும் மணலும் இட்டுக் கல்வாழை நட்டால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். மண்வெட்டியில் மஞ்சளும் ஊதாவுமாகப் பனியன் துண்டுகள் சிக்குகின்றன. ஈரத்தை உறிஞ்சட்டும் என்று போன மழைக்காலத்தில் என் மனைவி தமிழ்மதி தான் வேலைபார்த்த பனியன் கம்பெனியிலிருந்து கழிவுத் துணியை மூட்டையாகக் கொண்டுவந்து புதைத்தவை. தை மாதம் அவள் இறந்துபோனாள். அவள் கைபட்டவற்றை எறிய மனம் வரவில்லை. கல்வாழைக் கிழங்குகளோடு நிற்கும் அவளுடைய அம்மா எட்டிப் பார்க்கிறார். “ஏனுங் மாப்ள, எம்புள்ள வேலைதானுங்களா இது? சேத்துக்கே பனியன் போட்டு உட்டிருக்கறா பாருங்க! தண்ணி எங்கீங்க எறங்கும்?” எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அத்தை சேலையைச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்குகிறார். “அவ இருந்தா எடுக்கவே உடமாட்டா. வாங்க, ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுப்பம்.” இழுக்கிறோம். முதல் துண்டு சளக்கென்று வெளியே வருகிறது. அதை நானே வேலியோரம் வீசுகிறேன்.