மெல்போர்ன் வைட்டமின்

“ஐயோ, வெயில் கொளுத்துதுப்பா! ஃபேன் ஓடியும் வேர்க்குது” என்று லின்யா கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டாள். செல்போன் திரையில் கையில்லாத கவுனில் இருந்தாள்.

“கேட்டீங்களா ஃபாங் அக்கா? இங்க நாம குளிர்ல விறைச்சுக் கிடக்கோம். மெல்போர்ன்ல இப்ப கோடை!” பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லும்போதே தேஹாய்க்கு வாயெல்லாம் பல். மகள் மெல்போர்னில் வேலை பார்க்கிறாள் என்று ஷாவ்சிங் நகரத்தில் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் அவர் தம்பட்டம் அடிக்காத கதவு இல்லை. மாடிப்படி கூட்டுகிறவருக்குக்கூட அந்த ஊர்த் தட்பவெப்பம் அத்துப்படி.

அவர் மனைவி ஹுய்லான் சமையலறையில் முட்டைக்கோஸ் அலசிவிட்டு வந்து, கையைத் துண்டில் துடைத்தபடி அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். ஷாவ்சிங் வீடுகளில் ஹீட்டர் கிடையாது. வருஷா வருஷம் இந்த மாதத்துக் குளிரில் அவள் விரல்கள் சிவந்து வீங்கி, நமைச்சலெடுத்து, கடைசியில் மரத்துப்போகும்.

இந்த வருஷம் மனசும் மரத்துப்போயிருந்தது. மூன்று வருஷமாகப் புத்தாண்டு விருந்துக்கு மகள் வரவில்லை. இந்தத் தடவையாவது வருவாளா என்பதைத் தவிர ஹுய்லானுக்குக் கேட்க எதுவும் இல்லை. அதையும் கேட்கப் பயந்து, கணவரையே பேச விட்டிருந்தாள்.

“வைட்டமின் ஒழுங்காச் சாப்பிடறியாம்மா?”

“சாப்பிடறேம்ப்பா. இதோ பாருங்க.” லின்யா டப்பாவைத் தூக்கிக் காட்டினாள்.

தேஹாய் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றினார். “அதென்ன, விரலெல்லாம் செக்கச்செவேல்னு தடிச்சிருக்கு?”

“இதுவா…” கை சட்டென்று கீழே இறங்கியது. “சும்மா நமைச்சல்ப்பா. இந்த ஊர் சாப்பாடு ஒத்துக்கலை போல.”

“வைட்டமின் குறைச்சல்! நான் சொல்லலை? காய்ஞ்ச ரொட்டியும் பச்சை இலையும் தின்னா உடம்பு எதுக்கு ஆகும்? ஒண்ணுக்கு ரெண்டாப் போடு.”

சோபாவில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஃபாங் அக்காவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். “ரெண்டாப் போட்டா ரெண்டும் மூத்திரத்துலதான் போகும். வேளைக்கு மீனும் கீரையும் சாப்பிட்டா, எந்த தேசத்துல இருந்தா என்ன? மாத்திரை எதுக்கு?”

“அங்க நம்ம கீரை எங்க கிடைக்குது?”

“ஏன் கிடைக்காது? நம்மாளுங்க கடை போடாத ஊர் எது? நிலாவுல போய் இறங்கினாலும், நமக்கு முன்னாடி ஒருத்தன் அங்க டோஃபு வித்துக்கிட்டு இருப்பான்.”

“அப்ப இதெல்லாம் தண்டம்ங்கறீங்களா?” தேஹாய் டிவி அலமாரியைக் காட்டினார். மகள் அனுப்பிய வெளிநாட்டு வைட்டமின் டப்பாக்கள் மூடி திறக்காமல் அங்கே வரிசையாக நின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் அவற்றைப் பார்க்காமல் டீ குடிக்க முடியாது.

“தின்னு பார்த்தாத்தானே தண்டமா இல்லையான்னு தெரியும்? நீங்க சாமி மாதிரி வச்சுக் கும்பிடறீங்க.”

தேஹாய்க்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “வாங்க, கீழ இருக்கற மருந்துக்கடையிலயே கேட்டுடுவோம். நீங்க வேலை பார்த்த கடைதானே? என் பொண்ணுக்கு வேணுமா வேண்டாமான்னு அவங்களே சொல்லட்டும்!” ஒரு டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். ஃபாங் அக்கா விதைத் தோலை உதறிவிட்டுப் பின்னாலேயே போனாள். மாடிப்படி முழுக்க அவர்கள் சண்டை கேட்டது.

ஹுய்லான் செல்போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

“அப்பா போயிட்டாராம்மா?”

“போயிட்டார்.”

“அம்மா… புத்தாண்டுக்கு வரணும்னுதான் பார்த்தேன். லீவு தர மாட்டேங்கறாங்க. ஃப்ளைட்லயும் டிக்கெட் இல்லை. அப்பாகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடு.”

போன வருஷமும் இதே வார்த்தைகள்தான். ஹுய்லான் அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை. கோபமும் வரவில்லை. விருந்து மேஜையில் ஒரு கிண்ணம் குறையப்போகிறது என்பது மட்டும் தெரிந்தது.

“கையைக் காட்டு.”

“எதுக்கும்மா?”

“காட்டுன்னா காட்டு.”

லின்யாவின் கை மெதுவாகத் திரைக்கு வந்தது. ஹுய்லான் தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் அதே சிவப்பு, அதே குளிர் வீக்கம்.

“அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றாள் ஹுய்லான். “நீ முதல்ல ஒரு ஸ்வெட்டரைப் போடு. போட்டுக்கிட்டு, ரயிலேறி வீட்டுக்கு வா.”