மூன்று அங்குல உயரம்

"இந்த வண்டியில கை வைக்கிறதுன்னா முதல்ல…" என்று மாமனார் ஏதோ சொல்லியிருந்தார். அடியில் குனிந்து பார் என்றாரா, எட்ட நின்று பார் என்றாரா, தேவசகாயத்துக்கு மறந்துபோயிற்று.

வீட்டுக்கு வரும் மண்பாதையில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கல், அவருடைய பழைய பிக்கப் வண்டியின் பின் அச்சைத் தினமும் உரசியது. இன்னும் நாலு தடவை இடித்தால் அச்சின் ஓடு உடைந்து எண்ணெய் கொட்டிவிடும். அதனால் ஞாயிறு முழுக்க வாசலில் மல்லாந்து படுத்து, போல்ட்டுகளைக் கழற்றி, ஜாக்கி வைத்துத் தூக்கி, பாடிக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் மூன்று அங்குலக் கட்டைகளை வைத்து, போல்ட்டுகளை மறுபடி முறுக்கினார். எட்ட நின்று பார்த்தார். கம்பீரமாகத்தான் இருந்தது.

"ஏறுறதுக்கு ஏணியும் செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டாள் மனைவி ரூபவதி.

"நான் எப்படி இருக்கேன்?" என்று அச்சிடம் கேட்டது பாடி.

"தெரியலையேப்பா. நான் இருந்த இடத்துலயேதான் இருக்கேன்" என்றது அச்சு.

மாலையில் வண்டி கிளம்பியது. கல்லைக் கண்டதும் பாடி, "என்ன குள்ளா, இனி எட்டுமா?" என்றது.

"உங்களை நான் எப்போ தொட்டேன் அண்ணாச்சி?" என்றது கல். "எனக்குப் பழக்கமெல்லாம் கீழ்வீட்டுக்காரரோடதான்."

கர்ரக்!

"ஐயோ!" என்று அலறியது அச்சு. "முள்ளு குத்தினது எனக்கு. தொப்பி வாங்கிக் கொடுத்தது உனக்கு!"

தேவசகாயம் இறங்கி, அடியில் குனிந்து பார்த்தார். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, கடப்பாரை எடுத்துவர வீட்டுக்கு நடந்தார்.