தறி ஓடுகிற வீடு

"இந்திராணி பேரை அடிச்சிடலாம் சார். அவங்க நம்மள ஏமாத்திக்கினு இருக்காங்க."

பிள்ளையார்பாளையம் உணவு வங்கியில் அன்றைய விநியோகம் முடிந்திருந்தது. சனிக்கிழமைதோறும், தறி நின்றுபோன வீடுகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய். மொத்தம் நாற்பது பை. மேசைமேல் ஒரு பைதான் மிச்சம். அது இந்திராணிக்கு ஒதுக்கியது. அதனாலேயே, இடுப்பில் குழந்தையோடு கடைசியாக வந்த ஒரு பெண் வெறுங்கையோடு திரும்பிப் போனாள்.

அதைத்தான் தேவகியால் தாங்க முடியவில்லை.

தேவகி திருப்புட்குழிப் பெண். எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறாள்; சனிக்கிழமைகளில் இங்கே உதவிக்கு வருகிறாள். உணவு வங்கியை நடத்தும் குமரகுருவோடு வாரம் ஒரு சண்டையாவது போடாமல் வீட்டுக்குப் போனதில்லை.

பஸ் ஏற அவள் போகிற வழியில்தான் இந்திராணி வீடு. காலையில் வந்தாலும் தறிச் சத்தம், மாலையில் போனாலும் தறிச் சத்தம். வேலை இல்லை என்று எழுதிக் கொடுத்த வீட்டில் தறி எப்படி ஓடும்? அந்த அம்மா வரிசையிலும் நிற்பதில்லையே. எல்லோரும் போன பிறகு வருகிறாள். அரிசியைக் குடத்தில் கொட்டி, மேலே தட்டைக் கவிழ்த்து, தண்ணீர் கொண்டு போகிற மாதிரி எடுத்துப் போகிறாள். இது திருட்டுத்தனம் இல்லையா?

குமரகுரு தலையைச் சொறிந்தார். "விடும்மா. கேக்கிறவங்களுக்குக் குடுக்கத்தானே வெச்சிருக்குது."

"அப்ப போர்டுல 'கூச்சப்படாதவங்களுக்கு மட்டும்'னு எழுதிடலாமா சார்?"

அவர் சிரித்துவிட்டார். தேவகி சிரிக்கவில்லை. பட்டியலையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. கதவைத் தட்டினாள். இந்திராணி பாதிக் கதவைத் திறந்து, மீதியை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரர் தறியில் இருக்கிறார், அப்புறம் வா என்றாள். அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்று தேவகி அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வீட்டுக்காரர் மாணிக்கவாசகம் தறிக்குழியில் உட்கார்ந்து, மிதியை மாற்றி மாற்றி மிதித்தபடி பலகையை இழுத்து இழுத்து அடித்துக்கொண்டிருந்தார். தறியில் பாவு நூலே ஏற்றவில்லை. ஒரு இழை பட்டு கிடையாது. பலகை வந்து மோதுகிற இடத்தில் ஒரு பழைய வேட்டியைச் சுருட்டிக் கட்டியிருந்தது.

"அது எதுக்கு?" தேவகி வேட்டியைக் காட்டினாள்.

"துணி இல்லாத தறிய அடிச்சா மரத்து மேல மரம் மோதுற சத்தம் வரும்மா. நெசவுக்காரன் காதுக்குத் தெரிஞ்சிடும்." அவர் கையை நிறுத்தவில்லை.

"தெரிஞ்சா என்ன?"

இந்திராணி கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னாள். மூன்று மாதமாகப் பாவு வரவில்லை. பக்கத்து வீட்டு சிவராஜுக்கு வேலை இருக்கிறது. கொரோனா சமயத்தில் இவர்கள் தறி நின்றதும், தன் வீட்டில் வடித்த சோற்றில் பாதியை அவன் தினமும் இங்கே கொண்டுவந்து வைத்தான். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

"இப்ப அவனுக்கு மூணு புள்ளைங்க," என்றார் மாணிக்கவாசகம். "எங்க தறி நின்னுடுச்சின்னு தெரிஞ்சா திரும்பவும் அப்படித்தான் பண்ணுவான். அந்தப் புள்ளைங்க சோத்த நாங்க துன்னணுமா? அதான் இவ குடத்துல எடுத்துக்கினு வர்றா."

தேவகி பேனாவை மூடினாள்.

"பை அங்கேயே இருக்குது. குடத்த எடுத்துக்கினு வாங்கக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பக்கத்து வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. தன் பங்கில் பாதியைத் தூக்கிக் கொடுத்த அந்த மனுஷனை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தாள்.

சிவராஜ் பலகையை அடித்துக்கொண்டிருந்தார். அங்கேயும் பாவு இல்லை. வேட்டிக்குப் பதிலாக ஒரு சாக்கை மடித்துக் கட்டியிருந்தார்.

தேவகி வாயைத் திறப்பதற்குள் அவர் சுவர்ப்பக்கம் கண்ணைக் காட்டினார். "மெல்ல பேசும்மா. அண்ணன் காதுல விழுந்தா, அவங்க சோறு பாதி இங்க வந்துடும்."

தேவகி தெருவில் இறங்கினாள். அந்தக் கோடி வரைக்கும் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.