கயிறு பிடிக்கிறவர்

அவன் பாறையின் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தான். இடுப்பில் வெள்ளைப் பெயிண்ட் டப்பா. கையில் பிரஷ்.

'தேசியப்' என்று எழுதி முடித்தாயிற்று. 'பூங்கா' பாக்கி.

கீழே எழுபது அடி. பார்க்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் பார்த்தான்.

மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர் சடையன். அவன் மனைவி மாதியின் அண்ணன்.

இந்தக் காட்டைத் தேசியப் பூங்கா என்று அறிவிக்கக் கூடாது என்று வழக்குப் போட்டிருப்பவரும் அதே சடையன்தான்.

நேற்றுவரை பாறையில் 'சரணாலயம்' என்றுதான் இருந்தது. சரணாலயத்தில் தேன் எடுக்கலாம், ஊரில் குடியிருக்கலாம். தேசியப் பூங்கா ஆகிவிட்டால் இரண்டும் கிடையாது. திங்கட்கிழமை விசாரணை.

அவனுக்கோ வனத்துறையில் தற்காலிகக் காவலர் வேலை. ஒன்பது வருடமாகத் தற்காலிகம். அடுத்த மாதம் நிரந்தரமாக்கிவிடலாம் என்று ரேஞ்சர் சொல்லியிருந்தார். விசாரணைக்கு முன்பே பாறையில் புதுப் பெயரை எழுது என்று அவர் சொன்னபோது, மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

கயிறு பிடிக்க ரேஞ்சர் இரண்டு வாச்சர்களைத்தான் அனுப்புவதாக இருந்தார். மாதி விடவில்லை. விடிந்ததும் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

அவர்கள் ஊரில் அப்படித்தான். தேனுக்காகப் பாறையில் இறங்குகிறவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவனைக்கூட நம்ப மாட்டார்கள். மச்சான் கையை விடமாட்டான். விட்டால் தவிக்கப் போவது அவன் தங்கை அல்லவா.

சடையன் வந்தார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாச்சர்கள் போட்டிருந்த முடிச்சைப் பார்த்து முகம் சுளித்தார். அதை அவிழ்த்துத் தன் கையால் மறுபடி போட்டார்.

அவரைக் கண்டதும் ரேஞ்சருக்கு வாயெல்லாம் பல். ஏன் என்று அவனுக்கு அப்போது உறைக்கவில்லை. சரியான மக்கு.

இப்போது உறைத்தது.

ரேஞ்சர் கீழே செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"மீதியையும் எழுதி முடிப்பா. பேரும் மேல நிக்கிறவரும் ஒண்ணா படத்துல விழணும். கேஸ் போட்டவரே கயிறு பிடிச்சு எழுத வெச்சாருன்னு கோர்ட்டு பாக்கட்டும்."

அவன் மேலே பார்த்தான்.

"மச்சா, கேட்டுச்சுங்களா? நீங்க போயிருங்க. வாச்சருங்க பிடிச்சுக்கட்டும்."

மேலிருந்து சடையனின் குரல் வந்தது.

"அவங்கெல்லாம் மாதிக்கு அண்ணனா?"

கயிறு இன்னும் கொஞ்சம் இறுகியது.

அவன் நெற்றியைப் பாறையில் வைத்துக்கொண்டான். வெயிலில் பாறை சுட்டது. அழுகை வந்தது. அவ்வளவு உயரத்தில் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் நன்றாகவே அழுதான்.

இந்த மனிதருக்கு ஒரு கடிதம் படிக்கத் தெரியாது. வழக்குக்காக நான்கு வருடம் பஸ் ஏறி நகரத்துக்கு அலைந்தவர். எல்லாம் ஒரு படத்தில் போய்விடும் என்று அவருக்கும் புரிந்திருந்தது. புரிந்துகொண்டுதான் பிடித்திருந்தார்.

மூன்றே எழுத்து. பத்து நிமிட வேலை. அப்புறம் நிரந்தரம்.

"என்னப்பா, நின்னுட்ட?" ரேஞ்சர் கத்தினார்.

அவன் பிரஷ்ஷைச் சட்டையில் துடைத்தான். டப்பாவின் மூடியை அழுத்தி மூடினான்.

"தூக்குங்க மச்சா."

கயிறு அசையவில்லை.

"வேலை போயிரும், மாப்ளே."

"உங்களுக்குக் கை வலிக்கலையா? தூக்குங்க."