எல்லாரும் கை தூக்கிய விதி

பல்கேரியாவின் கஸான்லக் ஊரில் பெற்றோர் கூட்டம் என்றால், அவரவர் பிள்ளை உட்காரும் இடத்தில்தான் அவரவர் உட்கார வேண்டும். தெமெனுகா தன் மகள் ராலித்சாவின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ராலித்சா வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள்.

ரோஜாத் திருவிழா ராணிக்கான போட்டிக்கு இந்த வகுப்பிலிருந்து அவள் பெயர் போனதில் தொடங்கிய வினை. ஆள் தெரியாத ஓர் இணையக் கணக்கிலிருந்து தினமும் படம், தினமும் ஏச்சு. 'குதிரை மூஞ்சிக்கு கிரீடம் ஒரு கேடா?' பெண் முதலில் சாப்பாட்டை விட்டாள், பிறகு பள்ளிக்கூடத்தை. நேற்று, போட்டியும் வேண்டாம் என்றுவிட்டாள்.

அவளுடைய போனைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள் தெமெனுகா. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். பாதியில் அழுகை வந்துவிட்டது.

பின்பெஞ்சிலிருந்து ஜிவ்கா கைக்குட்டையை நீட்டினாள். அவள் மகளும் அந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவள்தான்.

"அழாதடி தெமெனுகா. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்ல."

வகுப்பாசிரியை புதிய விதியை வாசித்தார். காலையிலேயே போன்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். இணையத்தில் அடுத்தவரைக் கேவலப்படுத்தும் மாணவருக்குப் பள்ளியில் இடமில்லை. இத்தனை நாள் கழித்தாவது இவர்களுக்குப் புத்தி வந்ததே.

"சம்மதம்னா எல்லாரும் கை தூக்குங்க."

தெமெனுகாதான் முதலில் தூக்கினாள். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மடியில் கைப்பை அதிர்ந்தது. இன்னொரு கையால் மகளின் போனை எடுத்துப் பார்த்தாள்.

அதே கணக்கு. பச்சைக் கோட்டு போட்ட ஒருத்தியின் முதுகு, தூக்கிய கை, அதற்கு அப்பால் கரும்பலகை. கீழே ஒரு வரி: 'உங்கம்மா இங்க ஒப்பாரி வைக்கிறா, வந்து பாரு ராணி.'

தெமெனுகா குனிந்து தன் பச்சைக் கோட்டைப் பார்த்தாள்.

அறையில் ஒரு பிள்ளைகூட இல்லை.

மெல்லத் திரும்பினாள். ஜிவ்காவும் கையைத் தூக்கித்தான் வைத்திருந்தாள். மற்ற கை மேசைக்கு அடியில் இருந்தது.

தெமெனுகா தன் கையை இறக்கினாள்.

ஆசிரியைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னம்மா, நீங்களே வேணாங்கிறீங்க?"

"பிள்ளைங்களுக்கு எழுதினதெல்லாம் சரி டீச்சர். பெத்தவங்களுக்கு என்ன எழுதி வச்சிருக்கீங்க?"