மைக்கேல்சாமியின் சத்தியாக்கிரகம்

பூங்கா திறந்த அன்று எல்லாருக்கும் முன்னதாகப் போய், தாம் வாங்கிக் கொடுத்த கல் பெஞ்சில் உட்கார்ந்தவர்தான் மைக்கேல்சாமி. அன்றிலிருந்து காலையில் கதவு திறந்ததும் வருவார். இரவு பூட்டும்போதுதான் எழுந்திருப்பார். சாப்பாடுகூடத் தூக்குவாளியில் அங்கேயே வந்தது.

"என்னண்ணே இது?" என்றார் பூங்காக் கமிட்டிச் செயலாளர் ஜைனுதீன்.

"உக்காந்திருக்கேன்."

"அதான் தெரியுதே! எதுக்குண்ணே?"

"சொல்ல முடியாது தம்பி. மான விஷயம்."

ஜைனுதீனுக்குப் பளிச்சென்று புரிந்தது. குழாய் கேட்டு, விளக்குக் கேட்டுக் கமிட்டி கொடுத்த மனுவெல்லாம் முனிசிபாலிட்டியில் தூங்குகின்றன. அண்ணன் சத்தியாக்கிரகமே தொடங்கிவிட்டார்!

செய்தி ஊரெல்லாம் பறந்தது. பூமாலை வந்தது, பேண்டு வாத்தியம் வந்தது. சேர்மன் பதறிப்போய்க் குழாய் போட்டார். மைக்கேல்சாமி அசையவில்லை. சேர்மன் விளக்குக் கம்பமும் நட்டார். ஊஹூம். கடைசியில் பூங்கா நிர்வாகத்தையே கமிட்டியிடம் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஐயா, இன்னும் என்னதாங்க வேணும்?" என்று கைகூப்பி நின்றார்.

"எனக்கு ஒண்ணுமே வேணாங்க."

"அப்ப ஜெயிச்சாச்சு, எந்திரிங்கண்ணே!" ஜைனுதீன் சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கியேவிட்டார்.

அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் எழுத்துகள் பளபளத்தன: 'ஆவூர் சவரிமுத்து வாத்தியார் நினைவாக.'

"சாய்மானத்துல பேரை வெட்டச் சொன்னேன் தம்பி. கல்தச்சன் உக்காருற கல்லுல வெட்டிப்புட்டான்" என்றபடி மைக்கேல்சாமி விறைப்பாக மறுபடி உட்கார்ந்தார்.

"அப்பா மடியில மகன் உக்காரலாம். ஊரான் உக்காரலாமா?"